வாசகர் கேள்வி – பதில்: ஏற்றத்தில் கொதிக்கும் எஞ்சின், ஊட்டியில் குளிரும் ஹீட்டர்

கேள்வி: என்னிடம் 2003ஆம் ஆண்டு மாருதி 800 கார் உள்ளது. கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து வாங்கி, இப்போது ஊட்டியில் ஓட்டி வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பும்போது பர்லியாரைத் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. வாரத்திற்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தியிருப்பதில்லை. முதல் மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றினார். இரண்டாமவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அதன் பிறகு ஊருக்குள் ஓட்டும்போது முள் எழுவதே இல்லை, மைலேஜும் குறைந்துவிட்டது. ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றே வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் சற்றுச் சூடு தெரிகிறது. காலையில் முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல் மங்குகிறது. ஏற்றத்தில் சூடாவது மட்டும் நிற்கவே இல்லை. இப்போது ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதியை) இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஒரே வண்டி எப்படிச் சூடாகவும் குளிராகவும் இருக்க முடியும்?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: ஹெட்டை இறக்க இப்போது சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு அறிகுறியும் அதைவிட மிகச் சிறிய ஓர் இடத்தைச் சுட்டுகிறது. அதைச் சோதித்து முடித்த பிறகும் சந்தேகம் மிஞ்சினால் மட்டுமே ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

ஹீட்டரும் ரேடியேட்டரும் தனித்தனி அமைப்புகள் அல்ல. எஞ்சினைச் சுற்றிச் சூடாகும் அதே தண்ணீர்தான் ஒரு கிளையில் ரேடியேட்டருக்கும், இன்னொரு கிளையில் இரண்டு சிறு ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் காயிலுக்கும் போய்த் திரும்புகிறது. காயில் என்பது கையடக்கமான ஒரு சிறிய ரேடியேட்டர்; அதன் மீது ஊதப்படும் காற்றுதான் உங்கள் காலுக்கு வரும் சூடு. ஆகவே தண்ணீர் குறைந்தாலும், காற்று புகுந்தாலும், தண்ணீர் போதிய அளவு சூடாகாவிட்டாலும் அது முதலில் ஹீட்டரில் தெரிந்துவிடும். சமவெளியில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை என்பதால் இந்தச் சாட்சியைக் கேட்கும் பழக்கம் நம் பட்டறைகள் பலவற்றில் இல்லை. ஊட்டியில் இருக்கும் உங்களுக்கு அது தினமும் கிடைக்கிறது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடு வருகிறது, விட்டால் குளிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி இதுதான். பெரும்பாலான கார்களில் ஹீட்டர் காயிலும் அதன் ஹோஸ்களும் உயரமான இடத்தில் இருப்பதால், தண்ணீர் குறையும்போது காற்று அங்கேதான் போய்த் தங்கும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, நம் மெக்கானிக்குகள் வாட்டர் பாடி என்று சொல்லும் பம்புக்கு அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீரை மேலேற்றும் பலம் இருப்பதில்லை. வேகம் கூடும்போது மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஏறிச் சூடு தருகிறது. வாரம் அரை லிட்டர் குறைகிற வண்டியில் இது நிகழ்வது இயல்பே.

அந்த அரை லிட்டர் எங்கே போகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. தரையில் சொட்டவில்லை, கண்ணாடியோ எண்ணெய் பூசியதுபோல் மங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஹீட்டர் காயில் கசிகிறது என்றே முதலில் சந்தேகிப்பேன். சாதாரணப் பனிமூட்டம் துணியால் துடைத்தால் போய்விடும். கூலன்ட் (எஞ்சின் தண்ணீரில் கலக்கும் திரவம்) ஆவியாகிப் படிந்த கண்ணாடியோ துடைக்கத் துடைக்க வழுவழுப்பாகவே இருக்கும், காருக்குள் லேசான இனிப்பு வாடையும் இருக்கும். முன்னிருக்கைகளுக்கு முன்னால், டேஷ்போர்டின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள தரைவிரிப்பைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் பஞ்சை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது மழைநீரா கூலன்டா என்பது விரல்களுக்கிடையே தேய்த்தாலே தெரியும். கூலன்ட் வழுக்கும், பெரும்பாலும் நிறமும் காட்டும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விரிப்பு காய்ந்திருந்தாலும் அத்துடன் விட்டுவிட வேண்டாம். ரேடியேட்டர் வாயில் பொருத்திக் கைப்பம்பால் அழுத்தம் கொடுக்கும் சோதனைக் கருவி ஓரளவு பெரிய பட்டறைகளில் இருக்கும். எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில், ரேடியேட்டர் மூடியில் பொறித்திருக்கும் அளவு வரை, உதாரணமாக 0.9 பார் வரை, அழுத்தம் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கருவியின் முள் இறங்காவிட்டால் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால், இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் எஞ்சின் பக்கம் கழற்றி ஒன்றோடொன்று குழாயால் இணைத்து, காயிலைச் சுற்றிலிருந்து விலக்கிவிட்டு, எஞ்சினில் திறந்துவிடப்பட்ட இரு வாய்களையும் அடைத்து மறுபடி அழுத்தம் ஏற்ற வேண்டும். இப்போது முள் அசையாமல் நின்றால் குற்றவாளி காயில்தான். இரண்டாவது மெக்கானிக்கோ முதலாமவரோ இந்த அரைமணி நேர வேலையைச் செய்திருந்தால் உங்கள் பழைய ரேடியேட்டர் இன்னும் வண்டியிலேயே இருந்திருக்கக்கூடும்.

இனி தெர்மோஸ்டாட். மெழுகு நிரப்பிய ஒரு சிறு குப்பி சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் கருவி அது. 82 அல்லது 88 டிகிரி என்று அதன் மேல் பொறித்திருக்கும்; அந்தச் சூடு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வைக்கும். அதைக் கழற்றினால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே போகும். ஊட்டியின் காலைக் குளிரில் எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டவே முடியாது. உங்களுடையது எம்பிஎஃப்ஐ வண்டி, அதாவது பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து செலுத்தும் வகை. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று சென்சார் சொல்வதால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே செலுத்திக்கொண்டிருக்கும். மைலேஜ் குறைந்ததற்கும், முள் எழாததற்கும், ஹீட்டர் மேலும் குளிர்ந்ததற்கும் காரணம் இதுவே. சூடாகும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது சமவெளிப் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. நோயைக் கண்டுபிடிக்காமல் காய்ச்சல்மானியை வீசியெறிவதற்கு ஒப்பானது அது என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். மலையில் வசிப்பவருக்கு அது நேரடித் தீங்கும்கூட.

புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் வெந்நீரில் போட்டுச் சோதிக்கச் சொல்வார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் முழுமையாகத் திறக்க ஏறக்குறைய 95 டிகிரி வேண்டும். ஆகவே கொதிநீரில் முழுவதும் திறக்கவில்லை என்பதற்காக நல்ல பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்குகிறதா, தண்ணீர் ஆறும்போது முழுவதும் மூடுகிறதா என்று பார்த்தால் போதும். மாட்டும்போது அதிலுள்ள சிறு ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும்; சிக்கிய காற்று வெளியேறுவதற்கான வழி அது.

உயரம் இன்னொரு விதத்திலும் உங்களைப் பாதிக்கிறது. ரேடியேட்டர் மூடி, சுற்றியுள்ள காற்றழுத்தத்திற்கு மேல் 0.9 பார் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், கடல்மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 119 டிகிரி வரை கொதிக்காது. ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 0.77 பார்தான் என்பதால் அதே மூடியுடன் அந்த எல்லை 115 டிகிரிக்குக் கீழே வந்துவிடுகிறது. மூடியின் ரப்பர் இறுகிப்போய் அழுத்தம் நிற்காவிட்டால், முன்பு சொன்ன 92, 93 டிகிரியிலேயே கொதிநிலை வந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இரண்டாம் கியரில் ஏறும் எஞ்சினுக்கு, தண்ணீரும் குறைந்து மூடியும் பழுதாகியிருந்தால் தப்பிக்க வழியே இல்லை. மூடியை இப்போதே, அதே அளவு பொறித்த புதிய மூடியாக மாற்றிவிடுங்கள். இந்த வண்டியில் சோதிக்காமலேயே மாற்றச் சொல்லும் பொருள் இது ஒன்றுதான்.

ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள எஞ்சின் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிய அச்சம் நியாயமானதே, ஏனெனில் பலமுறை அளவுமீறிச் சூடான எஞ்சினில் அலுமினிய ஹெட் வளைந்திருக்க வாய்ப்புண்டு. அதை இறக்காமலே அறியலாம். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், காலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சில குமிழிகள் வந்து அடங்கினால் அது சிக்கிய காற்று. அடங்காமல் சீராக வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரிலிருந்து வரும் புகை. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் இன்னும் சூடாகாத நிலையிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் அதுவும் கேஸ்கெட்டின் அறிகுறிதான். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலநிறத் திரவச் சோதனை இன்னும் உறுதியானது. எரிந்த புகை கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் குழம்பு படிந்திருப்பதைக் காட்டி ஹெட்டை இறக்கச் சொன்னார்கள் என்றால், அதை மட்டும் நம்ப வேண்டாம். குளிர்ந்த ஊரில், தெர்மோஸ்டாட் இல்லாமல், சிறு தூரமே ஓடும் எஞ்சினில் காற்றின் ஈரமே அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலும் அதே நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

காயிலை மாற்றி, மூடியும் தெர்மோஸ்டாட்டும் போட்ட பிறகு தண்ணீர் நிரப்புவதையும் ஒரு தனி வேலையாகவே செய்யுங்கள். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டுக்குத் தள்ளி, மூடி திறந்த நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் மட்டம் இறங்கும்போதெல்லாம் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். இரண்டு ஹீட்டர் ஹோஸ்களும் கைக்கு ஒரே மாதிரி சூடாகத் தெரிந்தால் காற்று வெளியேறிவிட்டது. ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிராகவும் இருந்தால் காயிலில் அடைப்பு இருக்கிறது அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டும் சூடாக இருந்தும் உள்ளே குளிர்ந்த காற்றே வந்தால் தண்ணீரில் குறையில்லை. லீவரின் கேபிள் கழன்று, உள்ளே இருக்கும் தடுப்பு அசையாமல் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: கூலன்ட் என்பது பனி உறையும் நாடுகளுக்கானது, நம் ஊருக்கு போர்வெல் தண்ணீரே போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா? ஊட்டிக்கு அடிக்கடி போகிறவர்கள் எவ்வளவு கலக்க வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சரியன்று. உறையாமல் காப்பது கூலன்டின் வேலைகளில் ஒன்றுதான். நமக்கு அதைவிட முக்கியமானது, துருவும் அரிப்பும் ஏறாமல் அது உலோகத்தைக் காப்பது. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்பு அல்லது அலுமினிய ரேடியேட்டர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும்போது, வெறும் தண்ணீர் இந்த உலோகங்களை ஒன்றுக்கொன்று பகையாக்கி அரிக்கும். போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரில் படிவதைப் போலவே எஞ்சினின் சூடான சுவர்களிலும் படிந்து, சூடு தண்ணீருக்கு மாறுவதைத் தடுக்கும். ஹீட்டர் காயிலின் குழாய்கள் மிக மெல்லியவை என்பதால் முதலில் அடைபடுவதும் அதுவே. முந்தைய கேள்வியில் வந்த வண்டி கோயம்புத்தூரிலிருந்து போனது என்பதைக் கவனித்தீர்களா? அந்தக் காயில் அரித்துப்போனதில் இங்குள்ள தண்ணீருக்கும் பங்கிருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

கூலன்டுடன் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே சேருங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. உறைபனி விழும் ஊட்டியின் ஜனவரி இரவுக்குக்கூட அவ்வளவு தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்தாலே மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே தாங்கும். தண்ணீர்தான் சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால், நம் ஊருக்கு அந்த அளவே பொருத்தம் என்பது என் கருத்து. கலந்தே விற்கப்படும் கூலன்டில் மேலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் நிறத்தை நம்பிக் கலக்காமல், முழுவதும் வடித்து அலசிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பழைய பச்சை வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; அரிப்பைத் தடுக்கும் பொருள்கள் அதற்குள் தீர்ந்துவிடும்.

வடித்த கூலன்டைத் தெருவோரம் ஊற்றாதீர்கள். அதன் இனிப்புச் சுவைக்காக நாய்களும் மாடுகளும் நக்கும். சிறிதளவே போதும், சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். என் பட்டறை வாசலிலேயே ஒரு நாயை அப்படி இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து மூடி போட்ட கேனைத் தவிர வேறு எதிலும் வடிக்க நான் அனுமதித்ததில்லை.

கேள்வி: என்னுடைய பழைய அம்பாசிடரில் கொடைக்கானல் ஏறும்போது முள் நன்றாக மேலேறி, பிறகு தானாகவே திடீரென்று கீழே விழுந்துவிடுகிறது. வண்டி ஆறிவிட்டது என்று எண்ணித் தொடர்ந்து ஓட்டலாமா?
– வாசகர், வத்தலக்குண்டு

பதில்: கூடாது, அந்த நொடியிலேயே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். முள்ளை இயக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அதைச் சுற்றி ஆவியோ காற்றோ மட்டுமே இருக்கும். அப்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் விழும். முள் விழுந்த அதே நேரத்தில் ஹீட்டரும் குளிர்ந்தால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர் தீர்ந்துவிட்டது.

தண்ணீர் முழுமையாக இருந்தும் முள் இப்படித் துள்ளுகிறது என்றால் வயரிங்கைப் பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில், சாவி போட்ட நிலையில் சென்சாரின் ஒயரைக் கழற்றினால் முள் குளிர் பக்கம் விழும். ஒயரின் முனையை ஒரு நொடி பாடியில் தொட்டால் சூடு பக்கம் எழும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நலம், சென்சாரை மாற்றினால் போதும். அம்பாசிடரில் ஃபேன் பெல்ட்டால் சுழல்வது என்பதால் பெல்ட்டையும் கவனியுங்கள். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கலாம். அதைவிடத் தளர்ந்திருந்தால் ஏற்றத்தில் ஃபேனும் வாட்டர் பாடியும் சேர்ந்தே வழுக்கும். பழைய செம்பு ரேடியேட்டரானால், ஓடி வந்த சூட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபேன் நின்றபின் அதன் முகப்பில் உள்ளங்கையை நெருக்கமாக வைத்து நகர்த்திப் பாருங்கள். நடுநடுவே குளிர்ந்த பட்டைகள் தெரிந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைக்கும் ரேடியேட்டர் கடைகள் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இன்னும் இருக்கின்றன. புதியது வாங்குவதற்கு முன் அங்கே காட்டுங்கள்.

கேள்வி: ஏற்றத்தில் வண்டி சூடாகும்போது ஹீட்டரைப் போடச் சொல்கிறார்களே, அது உதவுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: உதவும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை உச்ச வேகத்தில் விட்டு, கண்ணாடிகளை இறக்கினால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி காருக்குள் வந்து வெளியேறும். வண்டியை நிறுத்தப் பாதுகாப்பான இடம் கிடைக்கும்வரை அது தாங்கும். ஏசி ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் அணையுங்கள். நிறுத்திய பிறகு குறைந்தது அரைமணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அழுத்தும்போது மெத்தென்று இருந்தால்தான் அழுத்தம் இறங்கியிருக்கிறது. அப்போதும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டபடி, சிறிது சிறிதாகவே தண்ணீரை ஊற்றுங்கள். சூடான ஹெட்டில் குளிர்ந்த நீர் ஒரேயடியாகப் பாய்ந்தால் அது வெடிப்பு விடும்.